பழைய தண்ணிங்களா? கொட்டாதீங்க!

“அக்கா, நல்ல தண்ணி வந்திருச்சுங்க!”

கோவையில் எங்கள் வீதியில் இந்தக் குரல் கேட்டதும் வீட்டுக்கு வீடு ஒரு காரியம் நடக்கும். சமையலறையில் மிச்சமிருக்கும் தண்ணீர் அப்படியே சாக்கடைக்குப் போகும். ‘நாலு நாள் பழசுங்க... குழந்தைகளுக்கு ஒத்துக்காது’ என்பார்கள். நானும் பல வருஷம் அப்படிக் கொட்டினவள்தான்.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். குடம் 15 லிட்டர். வீட்டுக்கு இரண்டு குடம் என்றால், ஐம்பது வீடுள்ள வீதியில் ஒரே காலையில் 1,500 லிட்டர்! கேரள எல்லைக்குள் காட்டு நடுவே தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து சேரும் சிறுவாணித் தண்ணீர் அது. 2016-ல் மழை பொய்த்து, 2017 கோடையில் அந்த அணை அடிமட்டத்துக்குப் போனதும் நாம் தவித்ததும் அதற்குள் மறந்தா போச்சு?

தண்ணீர் பால் இல்லை, நாள் ஆனதும் திரிந்துபோக. அதைப் பெரும்பாலும் கெடுப்பது நம் கைதான். குழாய்த் தண்ணீரில் கலந்து வரும் குளோரின் கிருமியைக் கொல்லும். ஆனால், பிடித்து வைத்த தண்ணீரில் அதன் வீரியம் நாளாக நாளாகக் குறையும். அப்போது டம்ளரோடு விரலையும் முக்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். அதனால் மூடி போட்ட, குழாய் வைத்த பாத்திரம் நல்லது. இல்லையென்றால் நீளக் காம்புள்ள கரண்டி போதும். குடிக்கச் சந்தேகமா? தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்க வைத்து ஆற வையுங்கள். அதற்கும் மனசு வரவில்லையென்றால் பாத்திரம் கழுவலாம், துணி அலசலாம். சாக்கடைக்கு மட்டும் வேண்டாம்.

‘தேக்கி வெச்சா டெங்கு வருமே?’ நியாயமான பயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தண்ணீரிலும் முட்டையிடும். ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். ஆனால், முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறுமே கொட்டிவிட்டு மறுபடி பிடித்தால் என்ன பிரயோஜனம்? வாரம் ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காய வைக்க வேண்டும். தண்ணீர் வரும் முறைக்கு முந்தின நாளே மிச்சத்தைத் துவையலுக்கு எடுத்துவிட்டால் பாத்திரமும் காலியாகும், தண்ணீரும் வீணாகாது. புழு நெளிந்தால் மட்டும் காய்ந்த மண்ணில் ஊற்றிவிடுங்கள்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். சிறுவாணித் தண்ணீரில் பருப்பு மெத்தென்று வேகும், உப்பு குறைவு. ‘இந்த ருசி எங்கே கிடைக்கும்’ என்று வெளியூரில் போய்ப் பெருமை பேசுகிறோம். வீட்டுக்கு வந்தால் அதையே ஆர்.ஓ. மெஷினில் விடுகிறோம்! உப்பைப் பிரிக்கிற அந்த மெஷின், பெரும்பாலான வீடுகளில் ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளும். இந்தியத் தர நிர்ணயப்படி, குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். போர்த் தண்ணீர் குடிப்பவர்களுக்கு ஆர்.ஓ. தேவைப்படலாம். மற்றவர்கள் வாங்குவதற்கு முன் குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். ஏற்கெனவே மெஷின் இருக்கிறதா? கழிவுக் குழாயின் கீழே ஒரு பக்கெட்டை வையுங்கள். வீடு துடைக்க, கக்கூஸ் கழுவ ஆகும்.

சிக்கனம் என்றால் குளிக்காமல் இருப்பதோ, தாகத்தை அடக்குவதோ இல்லை. அது உடம்புக்குக் கேடு. நல்ல தண்ணீரைக் கெட்டது என்று பயந்து கொட்டாமல் இருப்பதுதான் முதல் சிக்கனம். அடுத்த முறை வீதியில் குரல் கேட்கும்போது, கவிழ்க்கப் போகிற குடத்தை ஒரு நிமிஷம் கீழே வைத்து யோசித்துப் பாருங்களேன், அம்மணி!