சிகாகோவுக்கு ஒரு நீதி, செம்பழந்திக்கு ஒரு நீதி

கருத்தரங்கு ஒன்றிற்கு நான் அனுப்பியிருந்த ஆய்வுச் சுருக்கம் சென்ற வாரம் திரும்பி வந்தது. திருவனந்தபுரத்து ‘அவியல்’ இசைக்குழுவின் ‘ஆடு பாம்பே’ பாடலைச் சித்தர் பாடல் மரபோடு இணைத்து வாசிக்கும் கட்டுரை அது. மதிப்பீட்டாளர் தந்த காரணம் ஒரே வரி: மேலைநாட்டு இரைச்சலைப் பின்பற்றிய போலி முயற்சி, தமிழாய்வின் எல்லைக்குள் வராது. அதே கருத்தரங்கின் பண்பாட்டு ஆய்வு அமர்வில் அமெரிக்காவின் ‘மினிஸ்ட்ரி’ குழுவைப் பற்றிய கட்டுரை ஏற்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் என் நண்பர். கட்டுரையும் நல்ல கட்டுரை. அவர்மீது எனக்கு வருத்தம் ஏதுமில்லை. என் வினா மதிப்பீட்டாளரிடம்தான்: போலி என்னும் சொல்லை எந்த அளவுகோலால் அளந்தீர்கள், ஐயா?

அந்த அளவுகோலை மினிஸ்ட்ரியின் மீதே முதலில் வைத்துப் பார்ப்போம். 1981-இல் சிகாகோவில் அக்குழுவைத் தொடங்கிய ஆல் யோர்கன்சன் பிறந்தது கியூபாவின் ஹவானாவில். 1983-இல் வந்த முதல் இசைத்தொகுப்பு ‘வித் சிம்பதி’ மெருகேற்றப்பட்ட நடன இசை. அதில் அவர் ஆங்கிலேயரைப் போன்ற உச்சரிப்பை வரவழைத்துக்கொண்டு பாடினார். பின்னாளில் அத்தொகுப்பைத் தாமே வெறுத்துப் பேசினார். இண்டஸ்ட்ரியல் இசை என்னும் பெயரே 1976-இல் இங்கிலாந்தின் ‘த்ராபிங் கிரிஸ்ல்’ குழுவினர் நிறுவிய இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரிலிருந்து பரவியதுதான். 1986-இல் ‘ட்விட்ச்’ தொகுப்பில் மினிஸ்ட்ரியின் ஓசை இறுகத் தொடங்கியபோது உடனிருந்து உருவாக்கியவர் அட்ரியன் ஷெர்வுட் என்னும் ஆங்கிலேயர். அதன்பின் உலோக இசையின் கிட்டாரை எடுத்து எந்திரத் தாளத்தோடு பிணைத்து, 1992-இல் ‘சாம் 69’ வரை வந்து சேர்ந்தார்கள். இரவல் உச்சரிப்பு, இரவல் வகைமை, கடல் கடந்து வந்த துணைக்கை. இவ்வளவும் இருந்தும் இதற்கு நாம் சூட்டும் பெயர் ‘பரிணாமம்’. திருவனந்தபுரத்து இளைஞர் கிட்டாரை எடுத்தால் மட்டும் அது ‘போலி’ ஆகிவிடுகிறது.

அவியல் இண்டஸ்ட்ரியல் குழு என்று நான் வாதிடவில்லை. அது மலையாளத்தில் பாடிய ராக் குழு. 2003-இல் தோன்றியது. முதல் பாடகர் ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால் விலகியபின் டோனி ஜான் பாடினார். ரெக்ஸ் விஜயன் கிட்டார், மிதுன் புத்தன்வீட்டில் டிரம்ஸ், பின்னி ஐசக் பேஸ். 2008-இல் குழுவின் பெயரிலேயே எட்டுப் பாடல்கள் கொண்ட ஒரே தொகுப்பு. எட்டும் ஒரே தரத்தவை என்று சொல்ல மாட்டேன். சில இன்று கேட்கையில் சற்று வெளிறித்தான் தெரிகின்றன. ‘ஆடு பாம்பே’ அப்படியன்று.

அப்பாடலின் சொற்கள் நாராயண குருவின் குண்டலினிப்பாட்டிலிருந்து வந்தவை. குரு பிறந்த செம்பழந்தி, நான் இதை எழுதும் கழக்கூட்டத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அவருக்கு யோகம் கற்பித்தவராகச் சொல்லப்படும் தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர். குருவே தமிழில் தேவாரப் பதிகங்கள் இயற்றியவர். பாம்பை விளித்து ஆடச் சொல்லும் அந்த அமைப்பு பாம்பாட்டிச் சித்தரை வாசித்த எவருக்கும் அந்நியமாகத் தோன்றாது. சித்தரின் விளியைக் குரு மலையாளத்துக்குக் கொண்டுசென்றபோது அதை நாம் மரபின் தொடர்ச்சி என்கிறோம். நானும் அப்படித்தான் சொல்கிறேன். அதே விளியை நால்வர் மின்கிட்டாருக்குக் கொண்டுசென்றால் மரபு எந்த இடத்தில் அறுந்துபோகிறது? மகுடி இருந்த இடத்தில் மின்கம்பி வந்தது என்பதாலா? அப்படியானால் வயலின் நுழைந்த நாளிலேயே கருநாடக இசை அறுந்திருக்க வேண்டும். பாலுசாமி தீட்சிதர் அக்கருவியைக் கைக்கொண்டபோது அதுவும் மேலைநாட்டுக் கருவிதான்.

இன்னொரு குற்றச்சாட்டையும் துறையின் தேநீர் வேளைகளில் கேட்டிருக்கிறேன்: ஒரே தொகுப்போடு ஓய்ந்து திரைப்படத்துக்குள் கரைந்த குழுவுக்கு என்ன வரலாறு இருக்கிறது? கரைந்ததுதான் வரலாறு. 2011-இல் ‘சால்ட் அன் பெப்பர்’ படத்தில் அவியலின் ‘ஆனக்கள்ளன்’ இடம்பெற்றது. அதே ஆண்டு ‘சாப்பா குரிசு’ படத்திற்கு இசையமைத்த ரெக்ஸ் விஜயன், 2017-இல் ‘மாயாநதி’ வரை வந்தபோது மலையாளத் திரையிசையின் ஓசை கணிசமாக மாறியிருந்தது. ‘நைன் இஞ்ச் நெயில்ஸ்’ குழுவின் டிரென்ட் ரெஸ்னர் 2011-இல் ‘த சோஷியல் நெட்வொர்க்’ படத்திற்காக ஆஸ்கர் பெற்றார். அதை அக்குழுவின் வீழ்ச்சி என்று எந்த ஆய்வாளரும் எழுதக் காணோம். திரைப்படம் எல்லாவற்றையும் விழுங்கும் நம் சூழலில், ஒரு குழு எவ்வாறு விழுங்கப்பட்டது, விழுங்கிய வயிற்றில் அது என்ன மாற்றத்தைச் செய்தது என்பதைக் காட்டிலும் ஆய்வுக்குரிய பொருள் வேறென்ன இருக்கிறது?

புகழ்பவர்களும் இதில் தப்ப முடியாது. ‘நம்மூர் இன்னார்’ என்று ஓர் அமெரிக்கப் பெயரை ஒட்டித்தான் அவர்களும் அவியலைப் பாராட்டுகிறார்கள். மதிப்பீட்டாளர் நகல் என்று கழிக்கிறார், இவர்கள் நல்ல நகல் என்று கொண்டாடுகிறார்கள். குண்டலினிப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பாடலைக் கேட்க இரு தரப்பினருக்கும் நேரமில்லை.

ஆய்வுச் சுருக்கத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் வேறோர் இதழுக்கு அனுப்பிவிட்டேன். அதற்கிடையே ஒரு வேண்டுகோள். 2003-க்கும் 2008-க்கும் இடையில் திருவனந்தபுரத்தில் நடந்த இசைக்குழு நிகழ்ச்சிகளின் நுழைவுச்சீட்டு, சுவரொட்டி, கல்லூரி விழா அழைப்பிதழ், கைப்பேசியில் பதிந்த தெளிவற்ற ஒலிப்பதிவு என எது உங்கள் பழைய பெட்டிகளில் கிடந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். உள்பெட்டியில் எழுதுங்கள். நானே வந்து படியெடுத்துக்கொள்கிறேன்.