விண்ணில் கண், மண்ணில் வாய் எங்கே?

கூரையேறிக் கோழி பிடிக்க மாட்டாதவன் வானமேறி வைகுந்தம் காட்டுவானாம்! விண்வெளி ஆய்வைப் பற்றிப் பேச்செழுந்தவுடன் நம் உணர்வாளர் சிலர் இப்பழமொழியை எடுத்து வீசிவிட்டு அமர்ந்துவிடுகின்றனர். தில்லிக்காரன் நிலாவுக்கு ஊர்தி விடுகின்றான். தமிழன் அதற்கு வரி கொடுக்கின்றான். மலைமேல் உள்ள சிற்றூர்க்கோ நல்ல சாலை இல்லை. எனவே அச்செலவு வீண். இதுவே அவர்தம் வழக்கு. மற்றொரு சாராரோ, ஏவூர்தி எழும்பும் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டவுடன் கண்கலங்கி, செலவைப் பற்றி வாய் திறப்பவன் நாட்டுப்பகைவன் என்கின்றனர். இவ்விரு சாராருமே கணக்குப் பார்த்தவரல்லர். யான் ஏற்காட்டு மலை அடிவாரத்தில், இருபது கொண்டையூசி வளைவுகளுக்குக் கீழே இருந்துகொண்டு, தமிழ் சொல்லிக் கொடுத்துப் பிழைப்பவன். கணக்கு என் பாடமன்று. எனினும் கூட்டலும் வகுத்தலும் புலவனுக்கு விலக்கப்பட்டவை அல்லவே!

2023-24-ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசு வகுத்த வரவு செலவுத் திட்டம் ஏறத்தாழ 45 இலக்கம் கோடி உருபா. அதனுள் விண்வெளித் துறைக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 12,544 கோடி. நூறு உருபாவில் இருபத்தெட்டுக் காசு! 140 கோடி மக்களுக்குப் பகிர்ந்து பார்த்தால், தலைக்கு ஆண்டொன்றுக்குத் தொண்ணூறு உருபா. 23.8.2023 அன்று நிலாவின் தென்முனைப் பக்கம் இறங்கிய ‘சந்திரயான்-3’க்கு ஆன செலவு ஏறத்தாழ 615 கோடி, தலைக்கு நான்கரை உருபாகூட இல்லை. எங்கள் அடிவாரத்துக் கடையில் அதற்கு அரைக்குவளைத் தேநீர்தான் கிடைக்கும். அதே 2023-24-இல் தமிழ்நாட்டரசு மதுக்கடைகளால் ஈட்டிய வரி வருவாய் 45,000 கோடிக்கும் மேல். அஃதாவது, ஒன்றியம் முழுமையும் விண்ணுக்கு ஒதுக்கிய தொகையைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேற்பட்ட பணத்தைத் தமிழன் ஒருவனே குடித்து அரசுக்குக் கொடுத்தான். சாலைக்குப் பணமில்லை என்போர் நிலாவை நோக்கி விரல் நீட்டுமுன் தெருமுனையை நோக்கி நீட்டட்டும்!

அன்றியும், இஃது ‘அவன்’ ஆய்வு என்று ஒதுங்கிக்கொள்வது நம்மை நாமே இழித்துக்கொள்வதாகும். 1997 வரை எங்கள் சேலம் மாவட்டத்தோடு ஒட்டியிருந்த நாமக்கல் பகுதியில் சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் ஊர்கள் உள. அங்குள்ள பாறைக்கு நிலவியலார் ‘அனார்த்தோசைட்டு’ என்று பெயர் சொல்வர். நிலாவின் மேட்டு நிலங்கள் இவ்வகைப் பாறையால் ஆனவை. நிலாவில் இறங்கவேண்டிய ஊர்தியை இறக்கிப் பழகவும், உருளியை ஓட்டிப் பார்க்கவும் நிலாமண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. அமெரிக்கரிடம் வாங்கினால் கிலோ ஒன்றுக்கு 150 டாலர் என்றனர். தேவைப்பட்டதோ பல பத்து டன். அப்போது சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் உட்படப் பலர் துணைநிற்க, இந்தச் சித்தம்பூண்டிப் பாறையை நம் பக்கத்து அரைவை ஆலைகளில் பொடித்துப் பெங்களூருக்கு ஏற்றினர். அம்மண் செய்முறைக்கு 2020-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் காப்புரிமையும் பெற்றது. ‘சந்திரயான்-2’ ஏவூர்தியின் கடுங்குளிர்ப் பொறிக்கு வேண்டிய தனிவகைத் துருவெஃகு சேலம் உருக்காலையில் உருவானது. சந்திரயான் ஒன்றுக்கு மயில்சாமி அண்ணாதுரை, இரண்டுக்கு வனிதா, மூன்றுக்கு வீரமுத்துவேல் எனத் திட்ட இயக்குநர் மூவரும் தமிழர்.

மண் நம்முடையது, எஃகு நம்முடையது, மூளையும் நம்முடையது. பெயர்களைப் பாருங்கள்! சந்திரயான், விக்ரம், பிரக்யான், ஆதித்யா, ககன்யான். இறங்கிய இடத்துக்குச் சிவசக்தி. ஒன்றில்கூடத் தமிழ் ஒட்டவில்லை. இதைக் கண்டித்து யானும் எழுதியுள்ளேன், இனியும் எழுதுவேன். ஆயினும், தோழர்களே, ஒன்று கேட்கின்றேன். நாளையே ‘சந்திரயான்’ என்பதை ‘நிலவூர்தி’ என்று மாற்றிவிட்டால் நம் வழக்கு முடிந்ததா? பெயர்ப்பலகையோடு நின்றுவிடுவது நம் இயக்கத்தார் பலர் செய்யும் பிழை. கடையின் பலகை தமிழில் இருந்து, உள்ளே சரக்கு வாங்க வருபவனுக்கு விலை புரியாவிட்டால் அக்கடையால் அவனுக்கு என்ன பயன்?

என் வழக்கு வேறு. விண்ணில் கண் வைப்பதற்கு ஆகும் செலவு மிகுதியன்று. அக்கண் கண்டதை மண்ணில் உள்ளவனுக்கு அவன் மொழியில் சொல்ல வாய் வைக்கவில்லை என்பதே குற்றம். கண்ணுக்கு ஆயிரம் ஆயிரம் கோடி, வாய்க்குக் காசில்லை!

1964 திசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுக்கோடியை விழுங்கிய புயலை எண்ணிப் பாருங்கள். பாம்பனிலிருந்து சென்ற தொடர்வண்டி அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலுள் போயிற்று. அன்று நமக்கென்று வானில் ஒரு கண்ணும் இல்லை. குருடர் செத்தனர் என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் 1999 அத்தோபரில் ஒடிசாவை அழித்த பெரும்புயலின்போது கண் இருந்தது. செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தும் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் இறந்தனர். அதே ஒடிசாக் கரையில் 2013 அத்தோபரில் மற்றொரு கடும்புயல் மோதியது. இம்முறை ஏறத்தாழப் பத்து இலக்கம் மக்களை முன்கூட்டியே மேட்டுக்கு ஏற்றினர். இறந்தோர் ஐம்பதின்மருக்கும் குறைவு. இடையே பதினான்கு ஆண்டுகளில் கண்ணும் கூர்மையாயிற்று என்பது மெய். ஆனால் கண் மட்டுமா காத்தது? கரையோர ஊர்தோறும் புயற்காப்பு மனைகள் எழுப்பி, ஊரார்க்கு அவர்தம் மொழியில் வீடுவீடாகச் சொல்லப் பழகியிருந்தனர். கண்ணோடு வாய் சேர்ந்தது, உயிர் பிழைத்தது.

நம் குமரிக்கு அது வாய்க்கவில்லை. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ‘ஒக்கி’ புயலாய்த் திரண்டபோது, ஆழ்கடல் மீனவர் கரையை விட்டுப் பல நாள் ஆகியிருந்தது. கரையில் ஒலித்த எச்சரிக்கை கரையோடு நின்றது. தமிழகத்திலும் கேரளத்திலுமாக இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது மீளவில்லை. நடுக்கடலில் உள்ள படகுக்குச் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை அனுப்பும் கருவி பரவலாகப் பேசப்பட்டது இத்தனை பிணங்களுக்குப் பிறகுதான். ஏவூர்திக்கு முன்னே ஓடிய அறிவு படகுக்குப் பின்னே நடந்தது!

வாய் வைக்கும்போது தமிழை விட்டுவிடுவது புதிய வழக்கமும் அன்று. 1975-76-இல் அமெரிக்கரின் செயற்கைக்கோள் ஒன்றை ஓராண்டு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி வழியே உழவும் உடல்நலமும் கற்பித்தனர். உலகமே வியந்த நன்முயற்சி அது, யான் குறைசொல்லவில்லை. இந்தியில் கற்பித்தனர், தெலுங்கில், கன்னடத்தில், ஒடியாவில் கற்பித்தனர். அந்த 2,400 ஊர்களுள் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. அன்று நம் தலைவர்கள் எவரேனும் இதைக் கேட்டனரா? நாம் அப்போது பெயர்ப்பலகை பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி என் ஊருக்கு வருகின்றேன். 2024 நவம்பர் 30 இரவு ‘பெஞ்சல்’ புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. மறுநாள் ஞாயிறு மாலை, அடிவாரத்துத் தேநீர்க் கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. திரையின் அடியில் மாவட்டப் பெயர்கள் வரிசையாய் ஓட, அவற்றோடு ‘ரெட் அலர்ட்’, ‘ஆரஞ்சு அலர்ட்’ என்னும் சொற்களும் ஓடின. மலைமேலிருந்து காய் கொண்டுவந்து விற்றுவிட்டுக் கடைசிப் பேருந்துக்குக் காத்திருந்த மூதாட்டி ஒருவர் என்னைக் கேட்டார்: “ஆரஞ்சுக்கு என்னங்கய்யா ஆச்சு? வெலை ஏறிப்போச்சுங்களா?”

கடையில் இருந்தோர் சிரித்தனர். யானும் முதலில் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. பின்னர் நாணினேன். சேர்வராயன் மலையில் பிறந்தவர்க்கு ஆரஞ்சு என்றால் பழம்தானே! அவர் கேட்டதில் என்ன பிழை? 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று ஒரு செயற்கைக்கோள் முகிலைப் படம் பிடித்து அனுப்புகின்றது. புதிதாய் ஒன்றை அதே 2024 பிப்பிரவரியில்தான் ஏவியிருந்தனர். அத்துணைத் தொலைவையும் கடந்து அடிவாரம் வரை வந்த செய்தி, கேட்பவர் காதுக்கும் கருத்துக்கும் இடையில் உள்ள ஒரு சாண் தொலைவைக் கடக்க முடியாமல் செத்து விழுந்தது. ‘சிவப்பு எச்சரிக்கை’ என்று எழுதினால் எழுத்து மிகுதியாகிவிடுமா? அதனினும் நன்று, ‘ஒரே நாளில் இருபது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டலாம், சரிவில் இருப்போர் மாறியிருங்கள்’ என்று சொன்னால் குறைந்தா போவர்? ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். இருபது சென்டிமீட்டர் என்றால் அதே ஒரு சதுர மீட்டரில் இருநூறு லிட்டர். இப்படிச் சொன்னால் குடம் சுமந்த எந்தப் பெண்ணுக்கும் விளங்கும்.

யான் அம்மூதாட்டிக்கு இயன்றவரை விளக்கி, இரவு அடிவாரத்திலேயே தங்குமாறு சொன்னேன். “ஆடு கட்டிக் கெடக்குதுங்கய்யா” என்று சொல்லிப் பேருந்தேறிவிட்டார். அவ்விரவுக்குள் ஏற்காட்டில் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் கொட்டியது. ஊத்தங்கரையில் 50. மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்தன. அதே திசம்பர் முதல் நாளில் திருவண்ணாமலையில் மலை சரிந்து எழுவர் புதையுண்டனர். அம்மூதாட்டியைப் பத்து நாள் கழித்து மீண்டும் கடையில் கண்டபின்தான் எனக்கு மூச்சு வந்தது. தமிழ்நாட்டரசு 2022-இல் இரண்டு மழை அளக்கும் கதிரலைக் கருவிகள் நிறுவப் போவதாய்ச் சொல்லி, பின்னர் ஒன்றுக்கு ஏற்காட்டையே இடமாகக் குறித்திருந்தது. அம்மழை வந்த இரவில் அது மலைமேல் இல்லை.

2025 சூலை 30-இல் ‘நிசார்’ என்னும் செயற்கைக்கோளை அமெரிக்கருடன் கூட்டாக ஏவினர். இந்தியப் பங்கு ஏறத்தாழ 788 கோடி. பன்னிரண்டு நாளில் இருமுறை நிலவுலகின் நிலப்பரப்பைக் கதிரலையால் தடவிப் பார்க்கும் ஆற்றல் அதற்கு உண்டு. முகில் மறைத்தாலும் இருள் மறைத்தாலும் பார்க்கும். மலைச்சரிவு ஓரிரு விரற்கடை நகர்ந்தாலும் காட்டும். எங்கள் மலைக்கு இதனினும் வேண்டிய கண் வேறில்லை. இதற்கு 788 அன்று, ஏழாயிரம் கோடி கொடுத்தாலும் தகும் என்பேன். ஆனால் அக்கண் காணும் நகர்வை மலையூரின் ஊராட்சித் தலைவர்க்கும் பள்ளி ஆசிரியர்க்கும் தமிழில் சொல்லப்போவது யார்?

அதற்கு ஆளில்லை என்போர் வேறொன்றுக்குப் பணம் வைத்திருக்கின்றனர். மாந்தரை விண்ணுக்கு ஏற்றும் ‘ககன்யான்’ திட்டத்துக்கு 2018-இல் சொன்ன தொகை ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி. 2024-இல் அது 20,193 கோடியாயிற்று. நிசாருக்குக் கொடுத்த பங்கைப்போல் இருபத்தைந்து மடங்கு! 2025 சூனில் சுபான்சு சுக்லா என்னும் வானோடி அமெரிக்க ஊர்தியில் ஓர் இருக்கை பெற்றுப் பன்னாட்டு விண்வெளி நிலையம் சென்று வந்தார். அப்பயணத்துக்கு ஏறத்தாழ 550 கோடி என்று செய்தித்தாள்கள் எழுதின. ஒருவர் போய்வந்த செலவில் இன்னொரு நிலவூர்தியே ஏறத்தாழச் செய்திருக்கலாம். அவர் துணிவைப் போற்றுகின்றேன், ஆய்வும் செய்தார். ஆயினும் 2035-இல் விண்ணில் நிலையம், 2040-இல் நிலாவில் மாந்தன் என்று நாள் குறிக்கத் தெரிந்தவர்க்கு, எந்த ஆண்டுக்குள் எல்லா மலையூருக்கும் கடலூருக்கும் அவரவர் தாய்மொழியில் எச்சரிக்கை போய்ச்சேரும் என்று ஒரு நாள் குறிக்கத் தெரியவில்லையா? முதலில் அந்த நாளைக் குறிக்கட்டும். அதுவரை மாந்தன் கீழேயே இருக்கலாம். நிலா எங்கும் ஓடிப்போகாது.

தமிழில் அறிவியல் சொல்ல முடியாது என்னும் பழைய பல்லவியை மட்டும் யாரும் பாடவேண்டா. மயில்சாமி அண்ணாதுரை தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர். தம் நிலா ஆய்வைத் தமிழிலேயே நூலாக்கியவர். அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த சிவன் தமிழ்வழியில் பயின்றவர். மேலே ஏற்றத் தமிழ் போதும்; கீழே இறக்கப் போதாதோ?

2023-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தொலையுணர்வு நடுவம் நிலச்சரிவுப் படத்தொகுப்பு ஒன்று வெளியிட்டது. 1998 முதல் 2022 வரை நிகழ்ந்த சரிவுகளைச் செயற்கைக்கோளால் கண்டு, 147 மாவட்டங்களை இடர்மிகுதிப்படி வரிசைப்படுத்திய அரும்பணி. முழுதும் ஆங்கிலம். அதன் தமிழ்நாட்டுப் பகுதியையேனும் தமிழாக்கி மலையூர்ப் பள்ளிகளுக்கு ஒவ்வொரு படி அனுப்பவேண்டும். சொல்லாக்கத்துக்கு யானும் என்போன்ற ஆசிரியர் சிலரும் கூலியின்றி உழைப்போம் என்று, பெஞ்சல் மழை ஓய்ந்தபின் ஓர் அலுவலகத்துக்குத் தமிழில் இரண்டு பக்கம் எழுதினேன். நான்கு திங்கள் கழித்து விடை வந்தது. ஆங்கிலத்தில் மூன்று வரி. என் மடல் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டதாம். அப்பிரிவு எது என்று அதில் எழுதவில்லை.

இவ்விதழ் படிக்கும் அன்பர்கள் அதே வேண்டுகோளை அவரவர் மாவட்ட ஆட்சியர்க்குத் தமிழில் எழுதுக. ‘சந்திரயான்’ பெயரை மாற்றுக என்று எழுதும் அஞ்சலட்டையின் மறுபக்கத்தில் இடம் இருக்கின்றது.