பூங்கா போர்டுகளும் சட்டக் கெடுவும்

அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில், சிகாகோ நீங்கலாக, பூங்கா போர்டுகளின் வரி விதிக்கும் அதிகாரத்துக்குச் சட்டம் கடிவாளமிட்டிருக்கிறது. பட்ஜெட் நகலை, நிறைவேற்றுவதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே பொதுஜனங்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். பகிரங்கக் கூட்டத்தில் அவர்களது அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும். நிதி வருஷத்தின் முதல் மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றிவிட வேண்டும். வரித் தீர்மானமோ டிசம்பர் மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமைக்குள் கவுண்டி குமாஸ்தாவிடம் சேர வேண்டும்.

இவை வெறும் ஆபீஸ் சடங்குகள் என்று சிலர் நகைக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. கெடு உள்ள இடத்தில்தான் அதிகாரம் ஜனங்களுக்குக் கணக்குச் சொல்லும். ஆயினும், அந்த 30 நாட்களில் கணக்கைப் புரட்டிப் பார்க்க ஒருவரும் வராவிடில், சட்டம் ஏட்டுச் சுரைக்காயே. உரிமையைச் சட்டம் அளிக்கலாம். விழிப்பை ஜனங்களே தேடிக்கொள்ள வேண்டும்.