கிணற்று இறைப்பைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர்,
மாவட்டச் செயலகம், யாழ்ப்பாணம்.

ஊடாக: பிரதேச செயலாளர், வலிகாமம் தென்மேற்கு, சண்டிலிப்பாய்.

மதிப்புக்குரியீர்,

2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து பெறுவதாகவும், 2050இல் காபன் சமநிலையை எட்டுவதாகவும் இலங்கை உலகுக்கு வாக்களித்திருக்கிறது. ஆண்டுக்குத் தலைக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டையே வெளிவிடும் நாடு நாம். உலகச் சராசரி இதன் நான்கு மடங்குக்கும் மேல். இன்னும் வளரவேண்டிய நாம் ஏன் குறைக்கவேண்டும் என்று எம்மிடையே கேட்போர் உண்டு, கேள்வி நியாயமானதே. ஆனால் எரிபொருளைக் கப்பலில் எதிர்பார்த்திருக்கும் நாட்டில், புகை வரும் வழியாலேயே கடனும் வருகிறது. டொலர் தீர்ந்த 2022இல், எம் இறைப்பு இயந்திரங்களை இயக்கும் மண்ணெண்ணெய்க்கு வரிசை நீண்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்று நீரை நம்பியவை. இறைப்பு நின்றதும் தோட்டமும் நின்றது. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையிலும் இதைத்தான் பட்டோம். ஆகவே எம் செம்மண்ணில் மண்ணெண்ணெயைக் கைவிடுவது வளர்ச்சியை விட்டுக்கொடுப்பதல்ல, அதைக் காப்பது.

இதற்கு எழும் வலுவான மறுப்பு நீரைப் பற்றியது. வெயிலுக்கு விலையில்லை, செலவில்லாமல் இறைக்கலாம் என்றால் அளவின்றி இறைப்பார்கள், சுண்ணக்கல்லுக்குள் மழை சேர்த்துவைத்த நன்னீர் குறைந்து உவர் ஏறும் என்கிறார்கள். இந்த அச்சம் எமக்கும் உண்டு. நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டால் என்னவாகும் என்பதைச் சுன்னாகம் காட்டிவிட்டது: அனல்மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது. எனவே தனித்து இயங்கும் சூரியப் பம்பிகளை நாம் கேட்கவில்லை, மின் வலையமைப்போடு இணைந்தவற்றையே கேட்கிறோம். குஜராத்தின் தூண்டி கிராமத்து விவசாயிகள் கூட்டுறவாக இணைந்து, பாசனத்துக்குப் போக மிஞ்சிய சூரிய மின்சாரத்தை மின் வலையமைப்புக்கு விற்றார்கள். இறைக்காமல் விட்ட நீருக்கும் அங்கே வருமானம் இருந்தது. கமக்காரரைத் தண்டித்து நீரைக் காப்பதிலும் இதுவே மேல் என்பது எம் முடிவு.

பகல் வேளையில் மிஞ்சும் மின்சாரத்தை வலையமைப்பு தாங்காது என்பது மின்சாரத்துறையின் கவலை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியக்கலங்களை நிறுத்தும்படி கேட்கவேண்டி வந்ததை அறிவோம். அதற்கு மருந்தும் கிணற்றடியிலேயே இருக்கிறது. இறைப்பை நண்பகலுக்கு மாற்றித் தொட்டிகளில் தேக்கினால், மிகை மின்சாரம் அங்கேயே பயன்படும். சொட்டுநீர்க் குழாய் அத்தொட்டியிலிருந்து மாலையில் பாய்ச்சும். எம்முடையவை சிறு துண்டு நிலங்கள் என்பதால், தூண்டியைப் போலக் கூட்டாகப் பெறும் இணைப்பே பொருந்தும்.

ஆகவே, மானிப்பாய்ப் பகுதியில் மண்ணெண்ணெய் இயந்திரங்களைக் கட்டங்கட்டமாக மாற்ற, கமநல சேவை நிலையத்தின் ஊடாக வட்டி குறைந்த கடன் வழங்குமாறும், மிகை மின்சாரத்துக்கு நிலையான கொள்வனவு விலை பெற்றுத்தருமாறும் வேண்டுகிறோம். கடன் பெறும் ஒவ்வொரு கிணற்றிலும் நீர்மட்டமும் உவர்த்தன்மையும் அளக்கப்படுவது கட்டாயமாகட்டும். அந்த நிபந்தனையை நாமே கேட்கிறோம். அடுத்த மாவட்ட விவசாயக் குழுக் கூட்டத்தில் இம்மனுவை எடுத்துக்கொண்டு, எமது பிரதிநிதிகளையும் அழைக்குமாறு பணிவுடன் கோருகிறோம்.

இவ்வண்ணம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மானிப்பாய்ப் பகுதிக் கமக்காரர் சங்கத்தின் சார்பில்