9எச் கோட்டிங்கும் உமிச் சாம்பலும்

புதுக் கார் எடுக்கிறவர் காதில் இப்போது மூன்று பேர் ஓதுகிறார்கள்: ஷோரூம் விற்பனையாளர், போன வருஷம் கார் எடுத்த மச்சினன், கைப்பேசியில் ஓடும் ரீல்ஸ். மூவரும் சொல்வது ஒன்றுதான். "செராமிக் கோட்டிங் போட்டுருங்ண்ணா. கீறல் விழாது, அடிக்கடி கழுவ வேண்டாம், துருப் பிடிக்காது. அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல. போட்ட காசு விக்கறப்ப வந்துருமுங்க."

சின்னக் காருக்கு 15,000 ரூபாயில் தொடங்கும் இந்தச் செலவு, பெரிய வண்டி என்றால் 50,000 வரைகூடப் போகும். கேட்கிறவருக்கும் தலையாட்டத்தான் தோன்றும். பத்துப் பன்னிரண்டு லட்சம் போட்டவர் இன்னொரு முப்பதாயிரத்துக்கா யோசிப்பார்?

யோசிக்க வேண்டும் என்கிறேன். கோட்டிங்கும் சேர்ந்த கார் டீடெய்லிங் ஒரு துப்புரவு வேலை. துப்புரவாக நினைத்துக் காசு கொடுத்தால் பல நேரங்களில் தகும். அதையே காப்பீடு, முதலீடு என்று விற்கும்போதுதான் கணக்கு இடிக்கிறது. அதிலும் காங்கேயம் வட்டாரத்தின் மண்ணுக்கும் தண்ணீருக்கும் அந்த வாக்குறுதிகள் நிற்பதில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"9எச் கடினம், கீறலே விழாது"

9எச் என்றதும், வைரத்துக்கு 10, இதற்கு 9 என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வைரத்துக்கு 10 போடுவது கனிமங்களுக்கான மோஸ் அளவுகோல். 9எச் என்பது பென்சில் அளவுகோல். பெயின்ட் துறையில் பழைய சோதனை ஒன்று உண்டு: பென்சிலை 45 டிகிரி சாய்த்து, 750 கிராம் பளு கொடுத்துப் பூச்சின் மேல் தள்ளுவார்கள். எந்தப் பென்சில் வரைக்கும் கோடு விழவில்லையோ அதுதான் அந்தப் பூச்சின் கடினம். 9எச் என்பது அந்த வரிசையில் மிகக் கடினமான பென்சில். அதுவும் கரியும் களிமண்ணும் கலந்த குச்சிதான்.

நம் ஊரில் கார் மேல் விழுவது பென்சில் இல்லை. காங்கேயத்தைச் சுற்றி எத்தனை அரிசி ஆலைகள் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாய்லருக்கு எரிக்கிற உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா. கோட்டிங்கின் சரக்கும் சிலிக்கா வகைதான். ஆனால் கோட்டிங் ஒன்றிரண்டு மைக்ரான் கனத்தில் இருக்கிற படலம். மேலே வந்து உட்காருவது கூர்முனைத் துகள். கூடவே செம்மண் ரோட்டுப் புழுதி. அதில் கலந்த மணல் மோஸ் அளவில் 7. சாதாரணக் கண்ணாடியே 5.5தான்.

இந்தத் தூசியோடு காலையில் டிரைவர் பனியன் வேஸ்ட்டை எடுத்து வறட்டுத் துடைப்பாக பானெட்டை ஒரு சுற்றுச் சுற்றுகிறார். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டமாய்க் கீறல் தெரிவது இதனால்தான். கோட்டிங் போட்ட காரிலும் அந்த வலை விழும். துணி படுவதற்கு முன்னால் தண்ணீர் பட்டால் பாதிக் கீறல் விழாது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

கல்லடிக்கும் கோட்டிங் பதிலாகாது. கோவை–கரூர் நெடுஞ்சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போனவர்களுக்கு முன் பம்பரில் என்ன ஆகும் என்று தெரியும். அதைத் தாங்குவது பிபிஎஃப் என்கிற பாலியூரித்தேன் படலம். 150 முதல் 200 மைக்ரான் கனம், விலையும் பல மடங்கு. தினமும் அந்த ரோட்டில் போய்வருகிறவர் பானெட்டுக்கும் பம்பருக்கும் மட்டும் அதை ஒட்டினால் அர்த்தம் உண்டு. முழுக் காருக்கும் ஒட்டுவது அவரவர் வசதி.

"தண்ணீர் நிற்காது, கழுவுற வேலையே குறையும்"

கோட்டிங் போட்ட பானெட்டில் தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு ஓடும். ரீல்ஸில் காட்டுவதும் அதைத்தான். ஆனால் எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும். இங்கே பெரும்பாலான வீடுகளில் கார் கழுவுவது போர்வெல் தண்ணீரில். 1992இல் நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு உதவுவதற்குப் பதில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போன கதை நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது முற்றியது. ஆற்றோரக் கிணறுகளில் ஏறிய உப்பு எளிதில் இறங்குவதில்லை. சாயம் எட்டாத மேட்டுக்காட்டு போர்வெல்லிலும் கடினத் தண்ணீர்தான் அதிகம். வீட்டுக் குழாய் முனையில் படிகிற வெள்ளைக் கறையே சாட்சி.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. நடுவே 1,500 இருக்கிற தண்ணீர் ஒரு லிட்டர் காய்ந்தால் ஒன்றரை கிராம் உப்பு மிஞ்சும். கோட்டிங் இல்லாத காரில் அது மெல்லிய படலமாய்ப் பரவும். கோட்டிங் போட்ட காரில் ஒவ்வொரு முத்தும் நின்ற இடத்திலேயே காய்ந்து ஒரு வெள்ளை வளையம் போடும். வெயிலில் விட்டால் வளையம் இறுகி, தேய்த்தாலும் போகாது. ஆக, கோட்டிங் போட்டவர்தான் கழுவிய கையோடு ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். வேலை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஆர்.ஓ. மிஷினில் வீணாகிற தண்ணீரைக் கார் கழுவப் பிடித்து வைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. சிக்கனம் நல்லதுதான். ஆனால் ஆர்.ஓ. தள்ளிவிடுகிற நீரில் போர்வெல்லைவிட உப்பு அதிகம். அதைக் கக்கூஸுக்கு ஊற்றலாம், காருக்கு வேண்டாம். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மழைநீரோ ஆற்றுக் குடிநீரோ போதும்.

"துருப் பிடிக்காது"

கார் பாடியை ஆலையிலேயே பிரைமர் தொட்டியில் முழுசாய் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, சந்துபொந்தெல்லாம் பூச்சு ஏற்றி, சூளையில் சுட்டுத்தான் மேல் பெயின்ட் அடிக்கிறார்கள். துருவைத் தடுப்பது அந்த அடிப்பூச்சு. மேலே போடும் ஒன்றிரண்டு மைக்ரான் அதற்கு எதையும் கூட்டுவதில்லை. காருக்கு அடியில் அடிக்கிற கருப்புப் பூச்சுக்குக் கடலோரத்தில் ஒரு நியாயம் இருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற காங்கேயத்துக்கு உப்புக் காற்று ஏது? இங்கே உப்பு வருவது வாட்டர் சர்வீஸில் அடியில் பீய்ச்சுகிற போர்வெல் தண்ணீரில்தான். அவசரமாய் அடித்த பூச்சு, தண்ணீர் வடிகிற ஓட்டைகளை அடைத்தால் அந்த உப்பு நீர் உள்ளேயே தங்கும்.

இன்னும் சில இடங்களில் டெஃப்லான் கோட்டிங் என்று விற்கிறார்கள். டெஃப்லான் உருகவே 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். தோசைக்கல்லில் அதைச் சூளைச் சூட்டில் பிடிக்க வைக்கிறார்கள். கார் பெயின்ட்டை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் பெயின்ட்டே மிஞ்சாது. பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் மெழுகு, மினுமினுப்பும் அதனுடையது.

"போட்ட காசு விக்கறப்ப வந்துரும்"

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கொம்பு சீவி, எண்ணெய் தடவி, சலங்கை கட்டித்தான் மாட்டைக் கொண்டு வருவார்கள். வாங்க வந்தவர் அதை ரசிப்பார். ரசித்துவிட்டு வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். துண்டுக்கடியில் விரல் பிடிக்கும்போது சலங்கை கணக்கில் வராது.

பழைய கார் வாங்குகிறவரும் அப்படித்தான். எந்த வருஷ மாடல், எத்தனாவது ஓனர், எத்தனை கிலோமீட்டர், இன்சூரன்ஸில் கிளெய்ம் உண்டா, சர்வீஸ் பில் இருக்கிறதா, தூண்களில் வெல்டிங் தெரிகிறதா என்று பார்த்துத்தான் விலை சொல்வார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் போட்ட கோட்டிங் அதற்குள் தேய்ந்து போயிருக்கும். ரசீதைக் காட்டினாலும் அதற்கென்று தனியாக விலை போட மாட்டார்.

வேறு கணக்கும் இருக்கிறது. 30,000 ரூபாய் என்பது 500 ரூபாய் வீதம் 60 வாட்டர் வாஷ். மாதம் ஒன்று என்றால் சரியாக ஐந்து வருஷம். கோட்டிங் போட்டவருக்கும் இந்த 60 வாஷ் தப்பாது. பல வாரண்டி அட்டைகளில் சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும்: குறித்த காலத்துக்கு ஒருமுறை அதே கடையில் காசு கொடுத்துப் பராமரிப்பு செய்தால்தான் வாரண்டி செல்லும்.

ஷோரூமில் "கோட்டிங் பேக்கேஜ் எடுத்தாத்தான் டெலிவரி சீக்கிரம்" என்று இழுத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக முறை என்று வரையறுக்கிறது. "பில்லில் தனியாகப் போடுங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றால் போதும்.

அப்படியானால் டீடெய்லிங்கே வீணா?

இல்லை. எண்ணெய் ஆலை வைத்திருக்கிறவர் காரில் தேங்காய் எண்ணெய் டின் சாய்ந்து டிக்கி விரிப்பில் ஊறிவிட்டது என்று வையுங்கள். ஒரு வாரத்தில் காறல் வாடை ஏசி போடும்போதெல்லாம் முகத்தில் அடிக்கும். வாசனை அட்டையை எத்தனை தொங்கவிட்டாலும் போகாது. ஸ்டெப்னிக் குழி வரை விரிப்பைக் கழற்றி, அடிப்பஞ்சைப் பிழிந்து, நுரை போட்டு உறிஞ்சி எடுத்து, வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்ட வேண்டும். ஒரு ஆள் அரை நாளுக்கு மேல் குனிந்து செய்கிற வேலை அது. அதற்கு மூவாயிரம் கேட்டால் கொடுக்கலாம். குழந்தை பால் கக்கிய சீட், மழையில் ஜன்னல் மூடாமல் நனைந்த தரை, விற்பதற்கு முந்தின வாரம் உள்ளே ஒரு முழுச் சுத்தம் எல்லாம் இதே கணக்குத்தான்.

வெளியே மிஷின் பாலிஷ் மட்டும் யோசித்துச் செய்ய வேண்டியது. ஆலையில் அடிக்கிற தெளிபூச்சு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான்தான். கீறலை எடுக்கிற ஒவ்வொரு ரப்பிங்கும் அதில் கொஞ்சத்தைச் சீவிக்கொண்டு போகும். கருப்புக் கார் கண்ணுக்கு உறுத்துகிறதென்றால் ஓரிரு தடவை செய்யலாம். தீபாவளிக்குத் தீபாவளி செய்தால் பெயின்ட்டின் ஆயுளைத்தான் சீவுகிறோம்.

கோட்டிங்கின் மினுமினுப்பு பிடித்துப்போய், தெரிந்தே போடுகிறவரிடம் எனக்குச் சண்டை இல்லை. அது அலங்காரச் செலவு, அவர் காசு. பாதுகாப்பு என்று நம்பிப் போடுகிறவர் மட்டும் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்கட்டும்: எதைச் செய்யாவிட்டால் வாரண்டி செல்லாது? போர்வெல் தண்ணீர்க் கறை வாரண்டியில் வருமா? கீறல் விழுந்தால் சும்மா எடுத்துத் தருவீர்களா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால் காசை எண்ணலாம். வராவிட்டால் இரண்டு வாளி, ஒரு மைக்ரோஃபைபர் துணி, ஒரு ஷாம்பு பாட்டில் வாங்குங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.