நூற்றுக்கு எத்தனை மார்க்?

'புதிய அப்டேட் தயார். இப்போதே இன்ஸ்டால் செய்யவா?' என்று போன் கேட்டதுமே ஆபீஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. 'உடனே போட்டுருங்க சார், ராக்கெட் மாதிரி ஓடுது' என்பது ஆளுங்கட்சி. 'தொட்டுராதீங்க, என் மச்சான் போட்டான், போன் மாட்டு வண்டியா ஆயிடுச்சு' என்பது எதிர்க்கட்சி. இரு தரப்பிடமும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: 'முன்னே எத்தனை செகண்ட், இப்போ எத்தனை செகண்ட்?' பதில் வராது. 'ஃபீல் பண்ணினா தெரியும் சார்' என்பார்கள்.

ஃபீலிங்கை வைத்துக் காதல் கடிதம் எழுதலாம். 18,000 ரூபாய் போனை மாற்றுவதா, வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாது. அதுவும் 12 மாதத் தவணையில்!

நான் பி.காம். சிப்புக்கும் சிப்ஸுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மேல் ஹார்ட்வேர் தெரியாது. ஆனால் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் இண்டெக்ஸ் நம்பர் என்று ஒரு சமாசாரம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அடிப்படை ஆண்டை 100 என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிடுவது. சென்செக்ஸே அப்படித்தான்: 1978-79 = 100. இன்றைக்கு அது எத்தனை ஆயிரத்தில் நின்றாலும் அந்த நூறோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான். போனுக்கும் இதையே செய்தால் என்ன?

கம்ப்யூட்டர்காரர்கள் இதற்கு 'பெஞ்ச்மார்க்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வார்த்தை அவர்களுடையது இல்லை, சர்வேக்காரர்களிடம் கடன் வாங்கியது. நிலத்தின் உயரத்தை அளக்கிறவர்கள் அசையாத கல்லில் ஒரு கோடு வெட்டி வைப்பார்கள். பிறகு எந்த வருஷம் வந்து அளந்தாலும் அந்தக் கோட்டிலிருந்துதான் கணக்கு. 1972-ல் இங்கிலாந்தில் கம்ப்யூட்டர்களை ஒப்பிட 'வெட்ஸ்டோன்' என்ற சோதனை புரோகிராம் வந்தது. வெட்ஸ்டோன் என்பது ஓர் ஊரின் பெயர்; அகராதியில் பார்த்தால் சாணைக்கல். உச்சரிப்பில் 'ஈரக்கல்' மாதிரியும் கேட்கும். 1984-ல் அடுத்த சோதனையை எழுதியவர் விடுவாரா? 'டிரைஸ்டோன்' என்று பெயர் வைத்துவிட்டார். உலர்ந்த கல்! கம்ப்யூட்டர்காரர்களுக்கும் கடி ஜோக் வரும்.

'இதுக்குத்தான் ஆயிரம் ஆப் இருக்கே, ஒரு பட்டனைத் தட்டினா மார்க் வந்துடுமே?' என்று நீங்கள் கேட்பீர்கள். வரும். ஆனால் வினாத்தாள் அவுட் ஆன பரீட்சையில் வாங்கும் மார்க்கை நம்பலாமா? 2013-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்4, குறிப்பிட்ட பெஞ்ச்மார்க் ஆப்கள் ஓடும்போது மட்டும் விசேஷ வேகம் காட்டுவதை ஆனந்த்டெக் இதழ் கண்டுபிடித்து எழுதியது. 2022-ல் கேலக்ஸி எஸ்22 போன்களை கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. சாதாரண ஆப்களை மெதுவாக்கிவிட்டு, சோதனை ஆப்களை மட்டும் ஓடவிட்டதுதான் காரணம். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் சுத்தமாகும் ஸ்கூல் மாதிரி.

அதற்காக அளவெடுப்பதே வீண் என்று சொல்லிவிடாதீர்கள். ஆப்பிள் கதை தெரியுமோ? பழைய ஐபோன்கள் மெதுவாகின்றன என்று வருஷக்கணக்கில் புலம்பல். எல்லாம் பிரமை என்று ஒதுக்கினார்கள். 2017 டிசம்பரில் கீக்பெஞ்ச் நிறுவனர் ஜான் பூல், ஐபோன் 6எஸ், 7 மாடல்களின் மார்க்குகளை சாஃப்ட்வேர் பதிப்பு வாரியாகப் பிரித்துப் படம் போட்டுக் காட்டினார். ஒரு பதிப்பில் கூம்பு மாதிரி ஒரே சிகரம். அடுத்த பதிப்புகளில் கீழே கீழே குட்டிக் குட்டிச் சிகரங்கள். சில நாளில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது: பேட்டரி கிழடாகிவிட்டால் போன் திடீரென்று அணைந்துவிடாமலிருக்க, வேகத்தை நாங்கள்தான் குறைக்கிறோம் என்று. மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலருக்கு இறக்கியது. 2020-ல் பிரான்ஸில் இரண்டரைக் கோடி யூரோ அபராதம். புலம்பல் சாதிக்காததை ஒரு படம் சாதித்தது.

ஆகவே நமக்கு வேண்டியது கம்பெனிக்குத் தெரியாத ஒரு வீட்டுப் பரீட்சை. நான் வைத்திருக்கும் ஐந்து பேப்பர் இவைதான்:

1. அணைத்த போன் உயிர் பெற்று லாக் ஸ்க்ரீன் வரும் நேரம்.
2. கேமராவைப் பத்து தடவை திறந்து மூட ஆகும் மொத்த நேரம். (ஒரு தடவை மட்டும் அளந்தால் போனின் வேகம் தெரியாது, நம் கட்டை விரலின் வேகம்தான் தெரியும்.)
3. ஒரு பெரிய பி.டி.எஃப். ஃபைலை ஐந்து தடவை திறக்க ஆகும் நேரம்.
4. ஒரு ஜி.பி. வீடியோவை வேறு ஃபோல்டரில் காப்பி செய்யும் நேரம்.
5. டவுன்லோடு செய்த படத்தை ஒரு மணி நேரம் ஓட்டினால் பேட்டரி எத்தனை சதவீதம் இறங்குகிறது.

ஏரோப்ளேன் மோடு கட்டாயம். இல்லாவிட்டால் போனை அளக்க மாட்டீர்கள், தெருமுனை டவரைத்தான் அளப்பீர்கள். பேட்டரி 80-க்கு மேல், சார்ஜர் கூடாது, போன் சூடாக இருக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் அதே ஃபைல், அதே படம், அதே வெளிச்சம். பேட்டரி பேப்பரைத் தவிர மற்றதை மூன்று தடவை செய்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அப்டேட் போட்ட அன்றே அளக்காதீர்கள். புதுக் குடித்தனம் வந்த வீடு மாதிரி உள்ளே சாமான் அடுக்கிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் பொறுங்கள்.

கணக்கு சுலபம். பழைய எண்ணைப் புது எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் மார்க். நூறுக்கு மேல் என்றால் முன்னேற்றம், கீழே என்றால் இறக்கம். ஆனால் ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுக்காதீர்கள். ஒரு வேலை பாதி நேரத்தில் முடிந்தால் 200, இன்னொன்று இரண்டு பங்கு நேரம் இழுத்தால் 50. சராசரி 125. எங்கிருந்து வந்தது இந்த 25 லாபம்? எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். பெருக்கிப் பார்த்து மூலம் எடுக்கும் ஜியோமெட்ரிக் மீன்தான் இங்கே சரி. அது 100 என்று நேர்மையாகச் சொல்லும். ஆபீஸ் எக்ஸெல்லில் 'ஜியோமீன்' என்ற ஃபார்முலா சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் மாடி வீட்டுக்காரர் ஒரு பார்சல் ஆபீசில் கணக்கர். ஜனவரியில் அவர் போனுக்கு நான் பரீட்சை வைத்தபோது, 'தம்பிக்கு வேற வேலையில்ல' என்று சிரித்தார். மே மாதம் அப்டேட். ஜூனில் வந்து நின்றார். 'தம்பி, போன் செத்துருச்சு. தவணையில புதுசு எடுத்துரலாம்னு இருக்கேன்.' அதே ஜூனில் பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ். 'ரெண்டு நாள் டயம் குடுங்கண்ணே' என்று வாங்கி அளந்தேன்.

போன் உயிர் பெறுவது 40 செகண்டிலிருந்து 44. மார்க் 91. கேமரா 20-லிருந்து 29; மார்க் 69. பி.டி.எஃப். 15-லிருந்து 20, மார்க் 75. காப்பி 12-லிருந்து 24, மார்க் 50. பேட்டரி அன்றும் 9 சதவீதம், இன்றும் 9; மார்க் 100. மொத்தத்தில் 75.

மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் புதுப் போன்தான். ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் பெற்றோர் எதைப் பார்ப்பார்கள்? பையன் எந்தப் பாடத்தில் கோட்டை விட்டான் என்றுதானே? இங்கே ஃபெயில் ஆனது காப்பி. அதாவது ஸ்டோரேஜ். திறந்து பார்த்தால் 64 ஜி.பி.யில் இரண்டு ஜி.பி.கூட மீதியில்லை. மிச்சமிருந்த இடத்தை அப்டேட் விழுங்கியிருக்கிறது. அதற்கு முன்னால் விழுங்கியவை: குட் மார்னிங் ரோஜாப்பூக்கள், பிள்ளையார், சுதந்திர தின வாழ்த்து, கல்யாண வீடியோ ஏழு (அதில் இரண்டு யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை). 20 ஜி.பி. காலி செய்து மறுபடி அளந்தேன். 96.

காலேஜ் ஃபீஸ் தேதிக்குள் கட்டியாகிவிட்டது. தினமும் காலை ஆறு மணிக்கு எனக்கு அவரிடமிருந்து ரோஜாப்பூ வருகிறது.

கடைசியாக ஒன்று. மார்க் குறைந்தது என்பதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். திருடன் நுழையும் ஓட்டைகளை அடைப்பதும் அதே அப்டேட்தான். பாங்க் கணக்கு இருக்கும் போனுக்குப் பூட்டு முக்கியம். கதவுக்குப் பூட்டுப் போட்டால் திறக்க அரை செகண்ட் கூடத்தான் ஆகும். அந்த அரை செகண்டுக்காகப் புது வீடு வாங்குகிறோமா என்ன?

இன்றைக்கே ஐந்து எண்களையும் ஒரு பேப்பரில் எழுதி பீரோவில் வையுங்கள். போனிலேயே எழுதி வைக்காதீர்கள். அப்டேட்டில் அது போய்விட்டால் என்னைக் கேட்காதீர்கள்.