மனைக்கு அனுமதி, நீருக்கு வழி

சேர்வராயன் மலைச்சாரலில் பெய்யும் மழை திருமணிமுத்தாறாகத் திரண்டு, சேலம் நகரை ஊடறுத்து, நாமக்கல் சமவெளியைக் கடந்து காவிரியில் சங்கமிக்கின்ற பிரதேசத்தில், குச்சிக்கிழங்கும் சோளமும் விளைந்த காடுகளில் இன்று மனைக்கற்கள் நடப்பட்டிருக்கக் காண்கிறோம். விலை சரிந்து, கிணறு வற்றி, கடனும் மிகுந்த குடியானவர் நிலத்தை விற்பதையோ, சொந்த வீட்டை விரும்பும் குடும்பத்தார் அதை வாங்குவதையோ குறைகூற நமக்கு உரிமையில்லை. அவ்விருவருக்கும் இடையே நின்று ஊர்நலத்தைக் காக்க வேண்டிய அனுமதிமுறையே நம் விசாரத்துக்கு உரியது.

நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இலேயே இயற்றப்பட்டும், பத்திரம் பதிவானால் போதும் என்ற நம்பிக்கையில் அங்கீகாரமற்ற மனைகள் பெருகியமையால், 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பதிவுக்கே தடை விதிக்க நேர்ந்தது. மறு ஆண்டு, பழைய மனைகளை வரன்முறைப்படுத்தவும், திட்டப் பகுதிக்கு வெளியேயுள்ள விளைநிலத்தின் உபயோகத்தை மாற்றவும் விதிகள் வந்தன. 2024 ஜூலையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் சுயசான்றின் பேரில் உடனே அனுமதி பெறும் சௌகரியமும் ஏற்பட்டது. சாமானியரின் அலைச்சலைக் குறைத்த இச்சீர்திருத்தத்தை மனமார வரவேற்கிறோம். இதனால் அதிகாரிகளுக்கு மிச்சமாகும் காலமும் கவனமும் ஏக்கர் கணக்கில் விளைநிலத்தை மனையாக்கும் விண்ணப்பங்களின்மீது செலுத்தப்படுதல் அவசியம்.

ஏனெனில், விண்ணப்பம் சர்வே எண்ணைப் பொறுத்தது. நீரோட்டமோ எல்லைக்கல் அறியாதது. மேட்டுக்காட்டில் ஓர் ஓடை தூர்ந்தால், கீழேயுள்ள ஏரி வறள்வதும், பெருமழையில் அந்நீரே புது மனைகளுக்குள் புகுவதும் நிச்சயம். ஆகவே, நிலப் பயன்பாட்டு மாற்றம் கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் அக்கிராமத்து ஏரி, ஓடை, வாய்க்கால் அனைத்தையும் காட்டும் வரைபடம் இணைக்கப்பட்டு, ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்டப்பட்டு, கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். ஆட்சேபங்களைக் கேட்டு, குறித்த கெடுவுக்குள் காரணங்களுடன் முடிவு கூற வேண்டும். இதனால் தாமதம் நேரும் என்பார்க்கு, கெடு விதித்தால் தாமதம் நேராது என்பதே நம் பதில்.

நிலத்தை விற்க உடையவருக்கு உரிமை உண்டு. அதன் ஊடே செல்லும் நீர்வழி ஊருக்குப் பொது. அப்பொதுச் சொத்தைக் காவாத அனுமதி, எத்தனை முத்திரை பெற்றிருப்பினும், நீதியுடையதாகாது.